திரை உறைஞ்சா பவர் பட்டனை அமுக்காதீங்க

தூத்துக்குடி துறைமுகம் பக்கத்துல ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸ்னு வைங்க. லினக்ஸ் கம்ப்யூட்டர்ல கன்டெய்னர் லிஸ்ட் அடிச்சிக்கிட்டு இருக்கும்போது திரை அப்படியே நின்னுபோச்சு. மவுஸ் அசையல. கை நேரா பவர் பட்டனுக்குத்தான் போகும். கொஞ்சம் பொறுங்க.

லினக்ஸ்ல ஜன்னலும் ஐகானும் காட்டுறது தனி புரோகிராம். அது மாட்டிக்கிட்டாலும் கீழே சிஸ்டத்தோட மையமான கெர்னல் பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கலாம். கேபின் லைட் அணைஞ்சும் இன்ஜின் ஓடுற விசைப்படகு மாதிரி.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3, மூணையும் சேர்த்து அமுக்குங்க. சில லேப்டாப்ல எஃப்என் பட்டனும் சேரணும். கறுப்புத் திரையில லாகின் கேட்கும். பாஸ்வேர்டு அடிக்கும்போது நட்சத்திரம்கூட வராது; பயப்படாம அடிச்சு என்டர் தட்டுங்க. 'டாப்'னு கட்டளை கொடுத்தா எந்த புரோகிராம் மெஷினைத் தின்னுதுன்னு மேலேயே தெரியும். அதோட எண்ணைப் பார்த்துக்கிட்டு, வெளியே வந்து 'கில்' போட்டு அந்த எண்ணைக் கொடுங்க. திரும்பிப் போக கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2. சில மெஷின்ல எஃப்1, பழைய மெஷின்னா எஃப்7. கெர்னலே விழுந்திருந்தா இது எதுவும் நடக்காது, அப்ப பவர் பட்டன்தான் கதி.

இதுவரைக்கும் நாம செஞ்சது இடம் மாறுனது மட்டும்தான். டெஸ்க்டாப் பின்னால அப்படியே இருக்கு. டெஸ்க்டாப்பையே மூடுறது வேற வேலை. அதுக்கான கட்டளை இப்ப திரையில இருக்கு: சூடோ, சிஸ்டம்-சி-டி-எல், ஐசொலேட், மல்டி-யூசர் டாட் டார்கெட். இதைப் போட்டா திறந்திருக்குற ஜன்னல் அத்தனையும் போயிடும், சேமிக்காத லிஸ்ட்டும் சேர்ந்து. திரும்ப வேணும்னா அதே கட்டளையில கிராஃபிக்கல் டாட் டார்கெட்.

டெஸ்க்டாப்பை மூட 'இனிட் 3 போடு'ன்னு பழைய ஆளுங்க சொல்வாங்க. அது ரெட் ஹேட் குடும்பத்து வழக்கம். 2011-ல தமிழ்நாடு அரசு கொடுக்க ஆரம்பிச்ச லேப்டாப்ல விண்டோஸோட வந்துச்சே பாஸ் லினக்ஸ், சென்னை சி-டாக் செஞ்சது, அது டெபியன் வழி வந்தது. டெபியன்ல அந்தக் காலத்துல 2-லருந்து 5 வரைக்கும் எல்லா ரன்லெவலும் ஒண்ணுதான். அங்க இனிட் 3 போட்டா டெஸ்க்டாப் மூடாது. 2015-ல டெபியன் 8, நாம மேல பார்த்த சிஸ்டம்-சி-டி-எல் கட்டளையோட வர்ற சிஸ்டம்-டிக்கு மாறின பிறகுதான் 3-க்கும் 5-க்கும் அங்க வித்தியாசம் வந்துச்சு.

இப்ப நம்ம ஊர்க்காரங்களுக்கான சிக்கல். மீன்வளக் கல்லூரி மாணவர் ஒருத்தர் 'முத்துக்குளிப்பு 1961'னு ஒரு ஃபைல் வெச்சிருக்கார்னு வைங்க. தூத்துக்குடியில கடைசியா முத்துக்குளிச்ச வருஷம் அது. கறுப்புத் திரையில அந்தப் பேரு வெறும் கட்டமாத்தான் தெரியும். ஃபைல் கெட்டுப்போகல. அந்தத் திரையோட எழுத்துருவுல அதிகபட்சம் 512 வடிவம்தான் அடங்கும், அதுவும் ஒரு கட்டத்துக்கு ஒண்ணு. 'கொ' மாதிரி முன்னாலயும் பின்னாலயும் கொம்பும் காலும் போடுற எழுத்தை அதால கோர்க்க முடியாது. 2007-லயே தமிழ் டெஸ்க்டாப்னு பாஸ் வந்துச்சு; இந்தக் கறுப்புத் திரை இன்னும் அப்படியே இருக்குறது எனக்குக் கடுப்புதான்.

வழி இருக்கு. பேரைத் தமிழ்ல அடிக்கவே வேண்டாம். 'எல்எஸ், மைனஸ் ஐ' போட்டா ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு எண் வரும். 'ஃபைண்ட்'டோட 'மைனஸ் ஐநம்' சேர்த்து அந்த எண்ணைக் கொடுத்தா, பேரு தெரியாமலே பென்டிரைவுக்கு காப்பி எடுக்கலாம். முழுக் கட்டளை திரையில ஓடுது, நிறுத்தி எழுதிக்குங்க. பிழைச் செய்தியும் தமிழ்ல வந்து கட்டமா நின்னா, 'எக்ஸ்போர்ட் எல்சி அண்டர்ஸ்கோர் ஆல்'க்கு 'சி'ன்னு மதிப்பு கொடுங்க, இங்கிலீஷ்ல பேசும்.

கடைசியா ஒண்ணு. ரேம் கம்மியான பழைய லேப்டாப்பை ஆபீஸ்ல ஃபைல் சர்வரா வெக்கணும்னா டெஸ்க்டாப்பே வேண்டாம். ஐசொலேட்டுக்குப் பதிலா 'செட்-டிஃபால்ட்' போடுங்க. ஒவ்வொரு தடவையும் கறுப்புத் திரையிலயே எழும்பும். அதுக்கு முன்னால 'கெட்-டிஃபால்ட்' போட்டு இப்ப என்ன இருக்குன்னு ஒரு பேப்பர்ல குறிச்சு லேப்டாப் அடியில ஒட்டி வைங்க. அடுத்த மாசம் வேற யாராவது வந்து 'டெஸ்க்டாப் எங்கே'ன்னு கேப்பாங்க.