ஈறு சொல்லும் அவசரம்

கால்நடை மருத்துவமனையின் அவசரப் பிரிவில் முதலில் வந்தவருக்கே முதல் சிகிச்சை என்ற வரிசை கிடையாது. எந்த உயிர் அதிக ஆபத்தில் இருக்கிறதோ, அதற்கே முதலிடம்.

வாயில்லா ஜீவன் தன் வலியைச் சொல்லாது. அதனால் மருத்துவர் அதன் ஈறைப் பார்க்கிறார். இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. வெளிறியிருந்தால் இரத்த இழப்போ அதிர்ச்சியோ இருக்கலாம். நீலம் பாய்ந்திருந்தால் ஆக்சிஜன் போதவில்லை. ஈறை விரலால் அழுத்தி விட்டால், 2 விநாடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும்.

வீட்டில் நாம் கவனிக்க வேண்டியவையும் உண்டு. ஆண் பூனை சிறுநீர் கழிக்க முடியாமல் முக்கினாலோ, நாயின் வயிறு திடீரென உப்பி, வாந்தி வராமல் குமட்டினாலோ, குட்டி நாய்க்கு வாந்தியோடு இரத்தபேதி கண்டாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே கிளம்புங்கள். நாம் விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரையைக் கைவைத்தியமாகக் கொடுக்கவே கூடாது. பூனைக்கு ஒரே மாத்திரைகூட உயிரைப் பறித்துவிடும்.

கிளம்பும் முன் மருத்துவமனைக்கு ஒரு போன் செய்துவிடுங்கள். நீங்கள் போய்ச் சேர்வதற்குள் அங்கே எல்லாம் தயாராக இருக்கும். தமிழ்நாட்டில் ஆடு, மாடு வளர்ப்போர் அவசர உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 1962.