ஜிம்மி ஏன் காலைத் தூக்கிக்கிட்டே நிக்குது?

காலையில ஜிம்மியை வாக்கிங் கூட்டிட்டுப் போறீங்க. முதல் கரண்ட் கம்பம்... காலைத் தூக்குது, ரெண்டே சொட்டு. அடுத்த கம்பம்... மறுபடி ரெண்டு சொட்டு. நாலாவது கம்பத்துல முக்குது, முனகுது, தரையில லேசா ரத்தம்!

'வேலூர் வெயில் பாஸ், சூடு பிடிச்சிருக்கும்'னு மோரை ஊத்தி வெச்சுட்டு காலேஜுக்குக் கிளம்பிடாதீங்க. சிறுநீர்ப்பையில கல் இருக்கலாம். ஆண் நாய்னா இன்னும் உஷார்! அதோட ஆணுறுப்புக்குள்ள ஒரு சின்ன எலும்பு உண்டு. சிறுநீர்க் குழாய் அந்த எலும்போட பள்ளத்துல நெருக்கிக்கிட்டு போறதால விரிஞ்சு கொடுக்க இடமில்லை. கல் பெரும்பாலும் அங்கேதான் வந்து மாட்டும். முழுசா அடைச்சுக்கிட்டா ஓரிரு நாள்லயே உயிருக்கு ஆபத்து. அதனால அன்னிக்கே டாக்டர்கிட்ட ஓடுங்க.

எல்லாக் கல்லும் ஒண்ணு இல்லை. நாய்களுக்கு வர்ற 'ஸ்ட்ரூவைட்' கல் பெரும்பாலும் சிறுநீர்ப் பாதையில் ஏற்படும் கிருமித் தொற்றால் வருது. ஆன்டிபயாடிக்கும் டாக்டர் சொல்ற ஸ்பெஷல் உணவும் கொடுத்தா பல சமயம் கரைஞ்சே போயிடும். டால்மேஷன் வெச்சிருக்கிற சீமான்களுக்கு வேற தலைவலி. அந்த இனத்துக்கே உள்ள மரபணுக் கோளாறால யூரிக் அமிலம் ஏகத்துக்கு வெளியேறி, யூரேட் கல்லா மாறும். (பாசத்துல ஈரல் வாங்கிப் போடாதீங்க!) மூணாவது ஆசாமி கால்சியம் ஆக்சலேட். ஷிட்சூ, லாசா ஆப்சோ மாதிரி குட்டி நாய்களைத் தேடி வர்ற வில்லன். மருந்துக்குக் கரையாது. எடுத்தாலும் திரும்ப வரும்.

இங்கேதான் கதை குடலுக்குள்ள போகுது. 'ஆக்சலோபாக்டர் ஃபார்மிஜீன்ஸ்'னு ஒரு பாக்டீரியா. 1985-ல் இதுக்குப் பெயர் வெச்சாங்க. ஆக்சலேட்தான் இதுக்கு மூணு வேளைச் சாப்பாடு! உணவுல வர்ற ஆக்சலேட் ரத்தத்துல கலக்கறதுக்கு முன்னாடியே இது கொஞ்சத்தைத் தின்னு தீர்த்துடும். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகக் குழு 2012-ல் வெளியிட்ட ஆய்வுல, கல் இருந்த நாய்களைவிட கல் இல்லாத நாய்கள்லதான் இது அதிகமா தென்பட்டுச்சு. ஆனா, இதையே மாத்திரையாக்கி விழுங்க வெச்சா கல் வராதுன்னு இன்னும் யாரும் நிரூபிக்கலை.

அப்ப நார்ச்சத்து? அதை நாயாலும் ஜீரணிக்க முடியாது, நம்மாலும் முடியாது. பெருங்குடல் பாக்டீரியாதான் அதைப் புளிக்க வெச்சு கொழுப்பு அமிலங்களா மாத்தும். இந்த விஷயத்துல நம்ம ஊருக்கே ஒரு பெருமை இருக்கு. வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் காலரா நோயாளிகளுக்குக் கொடுக்கிற ஓ.ஆர்.எஸ். கரைசல்ல, லிட்டருக்கு 50 கிராம் எளிதில் செரிக்காத மக்காச்சோள ஸ்டார்ச்சைக் கலந்து பார்த்தாங்க. அது சிறுகுடலைத் தாண்டி பெருங்குடலுக்குப் போய் பாக்டீரியாவுக்குத் தீனியாச்சு. அதுங்க உண்டாக்கின அமிலங்களோட சேர்ந்து உப்பும் தண்ணியும் உடம்புக்குள்ள திரும்ப வந்துச்சு. பேதி சீக்கிரம் நின்னுது. 2000-ல் உலகப் புகழ்பெற்ற மருத்துவ இதழ்லயே வந்த ஆய்வு இது. ஆறிப்போன சோத்துலயும் இந்த வகை ஸ்டார்ச் கொஞ்சம் கூடும்கிறது கொசுறுத் தகவல். பழைய சோத்தைக் கிண்டல் பண்றவங்க கவனிக்க!

அதுக்காக ஜிம்மிக்குத் தவிட்டை அள்ளிப் போடாதீங்க. வேகவெச்ச பரங்கிக்காய், கேரட், பீன்ஸ் கொஞ்சம் போதும். பாலக் கீரையில ஆக்சலேட் அதிகம், அது வேண்டாம். 'கால்சியம்தானே கல்லு'ன்னு கால்சியத்தை அடியோட நிறுத்துறதும் தப்பு. குடல்ல ஆக்சலேட்டைக் கட்டிப்பிடிச்சு வெளியே இழுத்துட்டுப் போறதே அந்தக் கால்சியம்தான். ஹாஸ்டல் வாசல்ல மிச்சம் மீதி ஆம்பூர் பிரியாணியைத் தெரு நாய்க்கு வைக்கிற புண்ணியவான்களே... அதுல இருக்கிற வெங்காயம் நாயோட ரத்த அணுக்களை உடைக்கும். வெந்த எலும்பு குடலைக் கிழிக்கும். வெறும் சோறும் கறியும் வைங்க, பக்கத்துல ஒரு சட்டி தண்ணி வைங்க. 'எங்க ஊர் உப்புத் தண்ணியாலதான் கல்லு'ன்னு பாலாற்றங்கரைப் பக்கம் பேசிக்குவாங்க. தண்ணி குறைவா குடிச்சு சிறுநீர் கெட்டியாகறதுதான் அதைவிடப் பெரிய காரணம்.

ஆபரேஷன் பண்ணி எடுத்த கல்லைத் தூக்கிப் போட விடாதீங்க. லேபுக்கு அனுப்பி எந்த வகைன்னு பார்க்கச் சொல்லுங்க. ஸ்ட்ரூவைட்டைக் கரைக்கிறதுக்காகச் சிறுநீரைப் புளிப்பாக்குற உணவு, ஆக்சலேட் கல்லுக்கு வழி விட்டுடும்.