கொழுப்பும் சர்க்கரை நோயும்

இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று இதைச் சொல்கிறது. இனிப்புத் தின்பதால் மட்டுமே இந்த நோய் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. உடலில் சேரும் கொழுப்புக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. அது எப்படி?

சாவியும் குதிரும்

சோறு, சப்பாத்தி, கிழங்கு ஆகியவற்றில் மாவுச்சத்து இருக்கிறது. இது செரித்ததும் சர்க்கரையாக மாறுகிறது. சர்க்கரை இரத்தத்தில் கலக்கிறது. அது தசைகளுக்குள் போனால்தான் உடலுக்குச் சக்தி கிடைக்கும். தசையின் கதவைத் திறக்கும் சாவி இன்சுலின். வயிற்றுக்குப் பின்னால் உள்ள கணையம் இதைச் சுரக்கிறது.

இன்சுலினுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அறுவடை நெல்லில் மிஞ்சியதைக் குதிரில் கொட்டி வைக்கிறோம். அதுபோல, சாப்பாட்டில் மிஞ்சும் சக்தியை இன்சுலின் கொழுப்பாகச் சேர்த்து வைக்கிறது. குதிரின் வாயையும் அடைத்து வைக்கிறது. பட்டினி கிடக்கும்போது இன்சுலின் குறைகிறது. அப்போது வாய் திறந்து, கொழுப்பு கரைந்து செலவாகிறது.

கொழுப்பு அனுப்பும் செய்தி

குதிரில் எவ்வளவு இருப்பு இருக்கிறது? இது மூளைக்குத் தெரிய வேண்டும். கொழுப்பே அந்தச் செய்தியை அனுப்புகிறது. செய்தியைக் கொண்டு போகும் பொருளின் பெயர் லெப்டின். அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் என்ற விஞ்ஞானியின் குழு 1994-இல் இதைக் கண்டுபிடித்தது.

கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறையும். மூளை உடனே பசியைத் தூண்டும். கொழுப்பு கூடினால் லெப்டினும் கூடும். அப்போது பசி அடங்க வேண்டும். ஆனால் உடல் பருத்த பலருக்கு அடங்குவதில்லை. ஏன்? வாசலில் ஒலிபெருக்கி ஓயாமல் அலறினால், சில நாளில் காது அதைக் கவனிக்காது. மூளையும் அப்படித்தான். லெப்டின் நிறைய இருந்தும் அதைக் கேட்பதில்லை. ஆகவே, பருத்தவர்களைப் பெருந்தீனிக்காரர்கள் என்று கேலி செய்வது தவறு.

நோய் வரும் வழி

குதிர் நிரம்பி வழிந்தால் என்ன ஆகும்? கொழுப்பு ஈரலிலும் தசையிலும் படிகிறது. அங்கே பூட்டுத் துருப்பிடித்தது போல ஆகிவிடுகிறது. சாவி இருந்தும் கதவு எளிதில் திறப்பதில்லை. கணையம் மேலும் மேலும் இன்சுலின் சுரக்கிறது. பல ஆண்டுகளில் அது களைத்துப் போகிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வருவது இந்த வகை நோய்தான். பரம்பரையும் இதற்கு ஒரு காரணம்.

கை கால் ஒல்லியாக இருப்பவர்களுக்கும் இது வரலாம். இந்தியர்களில் பலருக்குக் கொழுப்பு வயிற்றுக்குள் சேர்கிறது. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

கொழுப்பே இல்லாவிட்டால் நல்லதா? அதுவும் இல்லை. மிகச் சிலருக்குத் தோலடிக் கொழுப்பு இல்லாத அரிய நோய் உண்டு. மிஞ்சுவதைச் சேர்க்கக் குதிர் இல்லை. எல்லாம் ஈரலில் படிகிறது. அவர்களுக்கும் கடுமையான சர்க்கரை நோய் வருகிறது. இவர்களுக்கு லெப்டின் ஊசி உதவுகிறது. சாதாரணமாக உடல் பருத்தவர்களுக்கு அந்த ஊசி பெரும்பாலும் பலன் தருவதில்லை.

ஊசியை நிறுத்தலாமா?

சிலருக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, இன்சுலின் சுரப்பதே நின்றுவிடுகிறது. குதிரின் வாய் திறந்தே கிடக்கிறது. கொழுப்பு கட்டுப்பாடின்றிக் கரைகிறது. உடல் எலும்பும் தோலுமாகிறது. இரத்தத்தில் அமிலம் சேர்கிறது. உயிருக்கே ஆபத்து. முன்பு இக்குழந்தைகள் பிழைப்பது அரிது. கனடாவின் டொரன்டோ நகரில் 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். அவன் பிழைத்தான்.

இன்சுலின் ஊசி போடத் தொடங்கியதும் சிலருக்கு எடை கூடும். சிறுநீரில் வீணாய்ப் போன சர்க்கரை இப்போது உடலில் தங்குவதே காரணம். எடைக்குப் பயந்து ஊசியைத் தாமாக நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

* தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். நடக்கும்போது தசைகள் சர்க்கரையை எளிதில் எடுத்துக்கொள்கின்றன.
* தட்டில் சோற்றைக் குறைத்து, காய், கீரை, பயறு ஆகியவற்றைக் கூட்ட வேண்டும்.
* 80 கிலோ எடை உள்ளவர் 4 அல்லது 5 கிலோ குறைத்தாலும் பலன் உண்டு. திடீரென்று பட்டினி கிடக்கக் கூடாது. லெப்டின் குறைந்து பசி முன்னைவிட அதிகமாகும்.
* மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் உணவைக் குறைத்தால், சர்க்கரை அளவு மிகவும் இறங்கி மயக்கம் வரலாம்.
* 30 வயது ஆனவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.