குளிர்பெட்டிக்குள் ஒரு காவலன்

வடநாட்டுக் கோடையைப் பற்றி நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. மே மாதம் பிறந்துவிட்டால் தில்லியில் நண்பகற் காற்று உலைவாயிலிருந்து வருவது போலவே வீசும். வெட்டிவேர்த் தட்டிக்கு நீர் தெளித்துப் பொழுதைக் கழித்த காலம் போய், இன்று தவணைப் பணத்திலேனும் ஒரு குளிர்பெட்டியை வாங்கிச் சன்னலில் பொருத்திக்கொள்ளாத குடும்பம் நம்முள் குறைவு. ஆயினும் அதன் உள்ளே மின்சாரம் எவ்வழி செல்கிறது, எங்கே தடுக்கப்படுகிறது என்பதை அறிந்தோர் சிலரே. நாமும் அறியாதவராகவே இருந்தோம். சென்ற கோடையில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியே நம்மை அறியச் செய்தது.

தஞ்சையிலிருந்து வந்திருந்த நம் அன்னையார்க்கு வெப்பம் ஒவ்வாது. ஒரு நாள் மாலை குளிர்பெட்டியின் விசிறி மட்டும் சுழன்றது, குளிர் வரவில்லை. உள்ளிருந்து 'உம்' என்றொரு முனகல், சில நொடிகளில் 'டக்' என்றோர் ஒலி, பிறகு அமைதி. சில நிமிடங்கள் கழித்து மீண்டும் அதே முனகல், அதே 'டக்'. அழைத்து வந்த மெக்கானிக் பெட்டியைத் திறந்து பார்த்து, "பாபுஜி, இந்த ஓவர்லோடுதான் கோளாறு செய்கிறது. இதை விட்டுவிட்டுக் கம்பியை நேராக இணைத்துவிடுகிறேன். பத்தே நிமிட வேலை" என்றார். அன்னையாரின் வியர்த்த முகத்தைக் கண்ட நாம் தலையசைக்கும் நிலையில் இருந்தோம். அவ்வேளையில், இரயில்வே பணிமனையில் மின்பிரிவில் உழைத்து ஓய்வு பெற்ற அண்டை வீட்டுப் பெரியவர் உள்ளே வந்தார். "தம்பி, சிக்னல் சிவப்புக் காட்டுகிறது என்பதற்காகச் சிக்னலையே பிடுங்கி எறிவீர்களோ?" என்று கேட்டார். அக்கேள்வி நம்மைத் தடுத்து நிறுத்தியது.

அவர் விளக்கியதைச் சுருக்கி உரைப்போம். சன்னற் பெட்டியில் மின்சாரம் முதலில் தேர்வு விசையை அடைகிறது. அங்கிருந்து தெர்மோஸ்டாட்டுக்கும், அதன்பின் ஓவர்லோடு என்னும் காப்புக் கருவிக்கும், இறுதியாகக் கம்பிரஸ்ஸருக்கும் செல்கிறது. விசிறிக்குத் தனி வழி. கம்பிரஸ்ஸருக்குச் செல்லும் வழியோ சங்கிலி போன்றது. ஒரு கண்ணி விலகினாலும் ஓட்டம் நின்றுவிடும். பழைய கைகாட்டி மரத்தில் கம்பி அறுந்தால் கை தானே 'நில்' என்னும் நிலைக்குத் திரும்புமாறு அமைத்திருப்பர் அல்லவா? கருவி பழுதுற்றாலும் அபாயத்தின் பக்கம் சாயலாகாது என்னும் அந்நெறியே இங்கும் உள்ளது.

தெர்மோஸ்டாட்டின் வேலை எளிது. வாயு அடைத்த மெல்லிய குழாயொன்று அறைக்காற்றின் வெப்பத்தை உணர்ந்து, குறித்த அளவு வந்ததும் விசையைத் திறந்துவிடும். புதிய பெட்டிகளில் இப்பணியை மின்னணு உணரி செய்கிறது. சாதாரணப் பெட்டியில் 18 பாகை வைத்தால் விரைவில் குளிரும் என்பது மயக்கம். குளிரும் வேகம் ஒன்றே, நிற்கும் இடம்தான் வேறு. 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியுள்ள பெட்டிகள் 24 பாகையிலேயே தொடங்குமாறு விதி செய்யப்பட்டுள்ளது.

ஓவர்லோடு என்பது வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்களை ஒட்டிய சிறு தகடு. மின்னோட்டம் மிகுந்தாலும் கம்பிரஸ்ஸரின் உடல் கொதித்தாலும் தகடு சூடேறி வளைந்து, 'டக்' என்று இணைப்பைத் துண்டிக்கும். ஆறியதும் மீண்டும் இணைக்கும். அதை நீக்கினால், சுழல இயலாத மோட்டார் பல மடங்கு மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், சுருளின் காப்புப் பூச்சு கருகும், தீயும் மூளலாம். நாம் கேட்ட 'டக்' கோளாறன்று. கோளாற்றை அறிவித்த குரல்.

அப்படியாயின் உண்மைக் கோளாறு யாது? பெரியவர் மின்னிணைப்பை அகற்றி, கெபாசிட்டரில் தேங்கியிருந்த மின்சாரத்தை முறைப்படி போக்கியபின் அளந்து பார்த்தார். மேலே குறித்திருந்த மைக்ரோஃபாரட் அளவில் பாதியும் இல்லை. மோட்டார் சுழலத் தொடங்கத் துணைசெய்யும் அக்கருவி நலிந்திருந்தது. வெளிப்புறச் சுருளிலோ புழுதி கம்பளம் போல் படிந்திருந்தது. கெபாசிட்டரை மாற்றிப் புழுதியைக் கழுவியதும் இரவு எட்டு மணிக்குக் குளிர்காற்று வந்தது. "நன்றாய் இரு, அப்பா" என்று அன்னையார் வாழ்த்தியது நம்மையன்று, அப்பெரியவரையே.

மூன்று நிமிட ஓய்வைப் பற்றியும் ஒரு சொல். கம்பிரஸ்ஸர் நின்றவுடன் அதன் ஒருபுறம் அழுத்தம் மிகுந்திருக்கும். இருபுறமும் சமமாகுமுன் மறுபடி ஓட்டுவது, ஏற்றத்தில் நின்ற சரக்கு வண்டியைக் கிளப்புவது போன்றது. ஆகவே மின்சாரம் போய் வந்தால் மூன்று நிமிடமேனும் பொறுத்தல் வேண்டும். தாமத விசையுள்ள ஸ்டெபிலைசர் இதைத் தானே செய்யும்.

பெட்டிக்கு வெளியேயும் காவலர் இருவர் வேண்டும். சுவரிலுள்ள எம்.சி.பி. என்னும் விசை கம்பி கொதிக்காமல் காக்கும்; அது மனிதனைக் காப்பதன்று. 30 மில்லியாம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. விசையே உயிரைக் காப்பது. இவற்றோடு எர்த் கம்பி உறுதியாய் இருத்தல் இன்றியமையாதது. வாடகை வீட்டில் குடியிருக்கும் அன்பர்கள் குளிர்பெட்டிக்கெனத் தனியாக 16 ஆம்பியர் இணைப்பைக் கேட்டுப் பெறுக. நீட்டிப்புக் கம்பியில் ஒருபோதும் இணைக்கற்க. செருகி சூடேறினாலோ கருகல் நாற்றம் வந்தாலோ உடனே முதன்மை விசையை நிறுத்துக. விசையை நிறுத்தினாலும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்குமாதலின், பெட்டியை நீங்களே திறத்தல் வேண்டா.

நாம் பத்தாம் வகுப்பு தேறிய எழுத்தரேயன்றி மின்பொறியியல் கற்றவரல்லர். எனினும் ஒன்று உணர்ந்தோம். அடிக்கடி நிறுத்தும் காவலனைக் கண்டு சினவாமல், அவன் எதைக் கண்டு நிறுத்துகிறான் என்று கேட்டல் வேண்டும். இனி யாரேனும் உங்கள் இல்லத்தில் "நேராக இணைத்துவிடுகிறேன்" என்று கூறுவாராயின், வேண்டா என்று மறுத்துவிடுங்கள்.