சத்தியமும் சமாதியும்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் அடிவாரத்தில், கடைவீதியின் சந்தடிக்கு நடுவே, ராணி மங்கம்மாள் மகால் என்று ஊரார் வழங்கும் நாயக்கர் காலத்துக் கொலுமண்டபம் ஒன்று நிற்கிறது. கட்டுவித்தவர் சொக்கநாத நாயக்கரே ஆயினும், ஜனங்களின் நாவில் நிலைத்த பெயர் மங்கம்மாளுடையது. இப்போது அது அரசாங்க அருங்காட்சியகம். முற்றத்தில் கற்சிலைகள் வெயில் காய்கின்றன. உள்ளே நாணயங்களும் ஓலைச்சுவடிகளும் கண்ணாடிக்குள் அடங்கியிருக்கின்றன. அரை மணியில் சுற்றி வந்துவிடலாம். ஆனால், வளைவுகள் தாங்கி நிற்கும் அந்தக் கவிந்த விதானத்தின் கீழே சற்று நேரம் பேசாமல் நின்றால், கால் எளிதில் அகலாது. மங்கம்மாளின் பேரன் விஜயரங்க சொக்கநாதர் சந்ததியின்றி மறைந்தபின், அவருடைய மனைவி மீனாட்சி அரசாண்டதும், ராஜ்யத்தை இழந்ததும் இந்தக் கோட்டையில்தான்.

தாயாதியான பங்காரு திருமலையின் பகைக்கு அஞ்சிய மீனாட்சி, ஆர்க்காட்டு நவாபின் மருமகனாகிய சந்தா சாகிபின் துணையை நாடி, ஒரு கோடி ரூபாய் தருவதாகவும் வாக்களித்து, தனக்குத் துரோகம் நேராதென்று அவரிடமிருந்து குர்ஆன் மீது பிரமாணம் பெற்றாள் என்பது சரித்திரம். பட்டுத் துணியில் சுற்றி வைத்தது வேதமன்று, வெறும் செங்கல் என்பது செவிவழிக் கதை. செங்கல்லோ வேதமோ, நம்பியவள் நம்பியது மனிதனுடைய வாக்கை. 1736-இல் அந்த வாக்குத் தவறியது. கோட்டை சந்தா சாகிபின் வசமாயிற்று. சிறைப்பட்ட ராணி நஞ்சருந்தி மாண்டாள் என்பார்கள். மதுரை நாயக்கர் ஆட்சி அவளோடு முடிந்தது.

காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கம் சென்றேன். சந்தா சாகிபின் கதை முடிந்த இடத்தைப் பார்க்காமல் அவருடைய சமாதிக்குப் போக மனம் ஒப்பவில்லை. இடைப்பட்ட காலத்தில் அவர் பட்டதும் கொஞ்சமல்ல: 1741-இல் மராட்டியர் திருச்சியைப் பிடித்து அவரைச் சதாராவுக்குக் கைதியாகக் கொண்டு போனார்கள், ஏழாண்டு கழித்து விடுதலை பெற்று, பிரெஞ்சுக்காரரின் துணையோடு 1749-இல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருத்தீனை வீழ்த்தினார். மாண்டவரின் மகன் முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் தஞ்சம் புக, சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் கோட்டையை முற்றுகையிட்டார்கள். முற்றுகையைக் கலைப்பதற்கென்றே, முகமது அலியின் பக்கம் நின்ற ஆங்கிலேயரின் தளபதி கிளைவ் ஆர்க்காட்டைப் பிடித்த கதை பள்ளிக்கூடப் பாடத்தில் இருக்கிறது. அப்பால் நடந்ததைத் திருச்சிக்காரர்களே பலர் மறந்துவிட்டார்கள். 1752-இல் பிரெஞ்சுத் தளபதி லா, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள இந்தத் தீவுக்குள் ஒதுங்கினார். தெற்கே ஆங்கிலத் தளபதி லாரன்ஸ், வடகரையில் சமயபுரத்தில் கிளைவ். தானியம் வரும் வழியெல்லாம் அடைபட்டது. லா ஜம்புகேசுவரத்தில் இருந்தார். சந்தா சாகிபின் மிச்சப் படை அரங்கன் கோயில் மதில்களுக்குள் இருந்தது. அடையவளைந்தான் மதிலின் நிழலில் நடக்கும்போது, பகவானைச் சேவிக்க எழுப்பிய பிராகாரங்களில் பசித்த சிப்பாய்கள் படுத்துக் கிடந்த அந்த ஜூன் மாதத்து வெப்பம் இன்னும் கல்லில் இருப்பதாகவே எனக்குத் தோன்றியது.

வேறு வழி காணாத சந்தா சாகிப், தப்பிப் போக உதவுவதாகச் சத்தியம் செய்து கொடுத்த தஞ்சாவூர்த் தளபதி மானோஜியை நம்பி வெளியே வந்தார். வந்தவுடன் விலங்கு பூட்டினார்கள். சில தினங்களுக்குள் சிரசைக் கொய்தார்கள். அச்சிரசு கோட்டைக்குள் கொண்டுவரப்பட்டபோதுதான் முகமது அலி தம் பகைவரின் முகத்தை முதன்முதலாகக் கண்டார் என்று சரித்திர ஆசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதி வைத்திருக்கிறார். எத்தனை ஆண்டுப் பகை! எத்தனை ஆயிரம் உயிர்! அந்த முகம் எப்படியிருக்கும் என்பதுகூட இவருக்குத் தெரிந்திருக்கவில்லை. வென்றவரும் வாக்கைக் காத்தவரல்லர்: உதவிக்கு வந்த மைசூர்க்காரர்களுக்குத் திருச்சியையே தருவதாக ரகசியமாக வாக்களித்திருந்த முகமது அலி, காரியம் முடிந்ததும் கொடுக்க மறுத்தார், மைசூர் நஞ்சராஜர் அதனாலேயே பகையானார், யுத்தம் மேலும் நீண்டது.

மதுரை ரோட்டில் நத்தர்வலி தர்காவுக்குள் நுழைந்தபோது மாலையாகிவிட்டது. ராஜ்யத்தைத் துறந்து தேசாந்தரம் வந்தவர் என்று பக்தர்கள் போற்றும் அம்மகானின் பெயரால், நவாபுகள் காலத்தில் இந்நகரையே நத்தர்நகர் என்று அழைத்ததுண்டு. ராஜ்யத்தை வேண்டாமென்றவரின் காலடியில், ராஜ்யத்துக்காக வாக்கையும் உயிரையும் விட்டவர்கள் உறங்குகிறார்கள். சந்தா சாகிபின் சமாதி இங்கே இருக்கிறது. 1795-இல் சென்னையில் காலமான முகமது அலியும் இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். காத்துக் கிடந்த கோட்டைக்கு அருகிலேயே அவருக்கு இறுதி இடம் வாய்த்தது. பகைவர் இருவரையும் ஒரே தர்காவின் மண் ஏற்றுக்கொண்டிருப்பதைக் கண்டு என் நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

பூக்கூடையோடு வந்த ஓர் அம்மாள் நத்தர்வலி பாவாவின் சமாதியில் பூவைச் சாத்தி, சர்க்கரை ஓதி வாங்கிக்கொண்டாள். திரும்பும் வழியில் மிஞ்சிய ரோஜா இதழ்களை ஒரு சமாதியின் மேல் தூவினாள்.

“இது யாருடையது அம்மா?” என்று கேட்டேன்.

“யாரோ பெரியவங்க, தம்பி” என்றாள். கூடையைச் சாய்த்து அடியிலிருந்ததையும் வழித்து எடுத்துக்கொண்டு, அடுத்த சமாதிக்குப் போனாள்.