வேலையா, வலையா?

"வீட்டிலிருந்தபடியே டைப் அடித்தால் போதும், மாதம் 40,000 ரூபாய்!" இப்படி ஓர் ஈமெயில் வந்தால் யாருக்குத்தான் ஆசை வராது? கைக்குழந்தையை விட்டு வெளியே போக முடியாத தாய்மார்களுக்கு, தெய்வமே அனுப்பிய கடிதம் போலத் தோன்றும். அந்த ஆசையை நம்பித்தான் மோசடிக்காரன் தூண்டில் போடுகிறான்.

எங்கள் தெருவில் ஒரு பெண். பட்டதாரி, இரண்டு குழந்தைகளின் தாய். ஒருநாள் செல்போனை என்னிடம் நீட்டினாள். "அக்கா, இன்டர்வியூவே இல்லாம வேலை கொடுத்துட்டாங்க! டிரெயினிங்குக்கு 2,500 ரூபா இன்னிக்கே கட்டணுமாம். வளையலை அடகு வச்சுக் கட்டிடட்டுமா?"

"பொறும்மா, முதல்ல லெட்டரைப் படிப்போம்" என்றேன்.

பெரிய கம்பெனியின் முத்திரை பளிச்சென்று இருந்தது. முத்திரையை யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாமே! அனுப்பியவரின் விலாசத்தைத்தான் பார்க்க வேண்டும். 'அட்' குறிக்குப் பின்னால் கம்பெனியின் சொந்தப் பெயர் வர வேண்டும். இங்கோ, இலவசமாகக் கிடைக்கும் ஜிமெயில்! சில கடிதங்களில் கம்பெனிப் பெயரிலேயே ஓர் எழுத்தை மாற்றியிருப்பார்கள், எழுத்துக்கூட்டிப் படியுங்கள்.

பிறகு அந்தக் கம்பெனியின் இணையதளத்தைத் தனியாகத் தேடி, அதில் கண்ட எண்ணுக்குப் பேசினோம். கடிதத்தில் உள்ள எண்ணுக்குப் பேசிப் பயனில்லை. எடுப்பவன் அவனாகத்தானே இருப்பான்! "அப்படி ஒரு வேலையே இல்லைங்க" என்று பதில் வந்தது. வளையல் பிழைத்தது.

வேலை கொடுப்பவர் நமக்குச் சம்பளம் தருவார். நம்மிடம் பணம் கேட்க மாட்டார். பதிவுக் கட்டணம், டெபாசிட், லேப்டாப்புக்கு முன்பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சந்தேகப்படுங்கள். "இன்னிக்குள்ள கட்டலேன்னா வேலை போயிடும்" என்று அவசரப்படுத்தினால், சந்தேகமே வேண்டாம்.

இன்னொரு தந்திரமும் உண்டு. முதலில் பணமே கேட்க மாட்டார்கள். ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, சில நாள் டைப் அடிக்க விடுவார்கள். அப்புறம், "நிறையத் தப்பு, அபராதம் கட்டு, இல்லாவிட்டால் கோர்ட்டு" என்று வக்கீல் நோட்டீஸ் போல ஒன்று வரும். பயந்து பணம் அனுப்பாதீர்கள். போலீஸில் புகார் கொடுங்கள்.

ஆதார், பான், வங்கி விவரங்களை முன்பின் தெரியாதவருக்கு அனுப்ப வேண்டாம். ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லக் கூடாது. சம்பளம் வாங்க யூ.பி.ஐ. ரகசிய எண் தேவையே இல்லை. அது பணம் அனுப்புவதற்குத்தான். "உங்கள் கணக்கில் பணம் போடுகிறோம், வேறொருவருக்கு மாற்றிவிட்டால் கமிஷன்" என்பதற்கும் இணங்காதீர்கள். அது பிறரிடம் திருடிய பணமாக இருக்கும். போலீஸ் உங்கள் வாசலுக்கு வரும்.

தம்பிக்கோ மகனுக்கோ வெளிநாட்டு வேலை என்று கடிதம் வந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன நம் இளைஞர்கள் பலரை மியான்மருக்குக் கடத்தி, அங்கே மோசடி வேலையையே செய்ய வைத்தார்கள். ஏஜென்ட் அரசாங்கத்தில் பதிவு பெற்றவரா என்று 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பார்த்துவிடலாம்.

பணம் போய்விட்டதா? உடனே 1930 என்ற எண்ணுக்கும், உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்புண்டு. ஈமெயிலை அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி.

"அவருக்குத் தெரிஞ்சா திட்டுவாரே" என்று வீட்டில் மறைக்க வேண்டாம், சகோதரிகளே. வெட்கப்பட வேண்டியவன் ஏமாற்றியவன்தான். நாம் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவனுக்குத்தான் லாபம்!