சக்திமானுக்கு ஒரு சுமைதாங்கி

சக்திமான் என்றால் 1997-இல் தூர்தர்ஷனில் தொடங்கிய தொடர்தான் ஊர் உலகத்துக்கு நினைவு வரும். ஜபல்பூர்த் தமிழர்களான நமக்கு அது ஒரு லாரியின் பெயர். நம்மில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு அந்த லாரியால்தான் எரிந்தது. ஜெர்மனியின் மான் நிறுவனத்தின் உரிமம் பெற்று, 1950களின் இறுதியில் ஜபல்பூரில் அதைச் செய்யத் தொடங்கினார்கள். பிறகு 1969-இல் வாகனத் தொழிற்சாலை வந்தது. ஆயிரக்கணக்கில் லாரிகள் வெளியேறிப் பனிமலைக்கும் பாலைவனத்துக்கும் போயின.

1979-இல் திருச்சியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியுடன் வந்து இந்தத் தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தேன். பாடி கட்டும் பிரிவில் 33 ஆண்டுகள். 2012-இல் ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. ராஞ்ஜி பக்கம் யாராவது பழைய ராணுவ வண்டியை ஏலத்தில் எடுத்துவிட்டு, "சார், கொஞ்சம் பாருங்கள்" என்று வந்து நிற்பார்கள். வெளியே சாமான் வைக்க ரேக் மாட்டவேண்டும் என்பதுதான் பெரும்பாலும் கோரிக்கை. ஜெர்ரி கேன், ஸ்டெப்னி, மண்வெட்டி, கயிறு, கூடாரம் என்று பட்டியல் நீளும்.

ரேக்தானே, நாலு ஆங்கிளை வெட்டி ஒட்டினால் போயிற்று என்று நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் காலமானார். தஞ்சாவூர்க்காரர். அவருடைய மகன், அப்பா கைபட்ட வண்டி என்ற ஆசையில், அவர் விட்டுப்போன பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு ஒரு பழைய சக்திமானை வாங்கிவிட்டான். இளைஞர்களை மலைப்பகுதிகளுக்கு அழைத்துப்போய் முகாம் நடத்துவது அவன் தொழில். ஒரு நாள் அவனுடைய அம்மா வந்தார். "அண்ணா, வண்டி மேலயும் பக்கத்துலயும் என்னென்னமோ கட்டி வச்சிருக்கான். பத்துப் பேரை ஏத்திக்கிட்டு மலைக்குப் போறானாம். போறதுக்கு முன்னால நீங்க ஒரு தடவை பாத்துடுங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். ரேக் பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. கேபினுக்கு மேல் பெரிய இரும்புக் கூடை. அதில் தண்ணீர்க் கேன்கள், ஒரு ஸ்டெப்னி, கூடார மூட்டைகள். கூடையின் முன்கால்கள் கேபினிலும் பின்கால்கள் பாடியிலும் பூட்டப்பட்டிருந்தன. பக்கவாட்டில் டீசல் கேன்களுக்கான தாங்கிகளை, சேஸிஸ் சட்டத்தின் கீழ் விளிம்பிலேயே வெல்டிங் வைத்திருந்தார்கள்.

வெல்டிங் முடியும் இடத்தைத் துணியால் துடைத்து, மண்ணெண்ணெய் தடவி, மறுபடி துடைத்துவிட்டுச் சாக்குக்கட்டிப் பொடியைத் தூவினேன். எங்கள் காலத்துப் பழைய வித்தை இது. விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து பொடியில் கோடு காட்டும். காட்டியது. சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு மயிரிழைக் கோடு. அந்தத் தாங்கியை மாட்டி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

"மாமா, இவ்வளவு பெரிய இரும்பு எப்படி மாமா விரிசல் விடும்? அப்பா இதை யானைன்னு சொல்வாரே!" என்றான் பையன். யானைதான் தம்பி, ஆனால் யானைக்கும் முதுகெலும்பு உண்டு.

காரணத்தைச் சொல்கிறேன். லாரியின் சேஸிஸ் ஏணி போன்றது. நீளவாட்டில் இரண்டு சேனல் சட்டங்கள், குறுக்கே படிகள். முன்சக்கரம் ஒன்று பாறைமேல் ஏறி, எதிர்ப்புறப் பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது இந்த ஏணி முறுக்கிக்கொள்ளும். அப்படி முறுக்கவேண்டும் என்றுதான் அதைச் செய்திருக்கிறார்கள். அப்போதுதான் நான்கு சக்கரமும் தரையைப் பிடிக்கும். பாடியை நேரடியாகச் சட்டத்தில் ஒட்டாமல், நடுவே மரக்கட்டை கொடுத்து யு-போல்ட்டால் பிடிப்பதும் இந்த அசைவுக்கு இடம் விடத்தான். கேபின் ஒருபக்கம் சாயும், பாடி மறுபக்கம் சாயும். இரண்டையும் ஒரே ரேக்கால் இணைத்துக் கட்டினால் ஏதாவது ஒன்று பிய்ந்துதான் தீரும்.

ஆகவே முதல் விதி: ஒரு ரேக் ஒரே உறுப்பில்தான் நிற்கவேண்டும். பாடியில் என்றால் பாடியில் மட்டும், கேபினில் என்றால் கேபினில் மட்டும். நடுவே நான்கு விரல் இடைவெளியாவது வேண்டும்.

இரண்டாவது விதி: சேஸிஸ் சட்டத்தில் வெல்டிங் வைக்காதீர்கள். சட்டம் வளையும்போது மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும்தான் விசை அதிகம். வெல்டிங் சூட்டில் அந்த இடத்து இரும்பின் தன்மை மாறி, விரிசல் அங்கிருந்தே தொடங்கும். விளிம்பில் துளை போடுவதும் கூடாது. தொழிற்சாலை போட்ட துளைகள் இருந்தால் அவற்றைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் சட்டத்தின் செங்குத்துப் பக்கத்தில், நடு உயரத்தை ஒட்டித் துளையிடுங்கள். விசை மிகக் குறைவாக உள்ள இடம் அது. உயர்தர போல்ட், தடித்த வாஷர், தானாகக் கழலாத நட் போட்டுப் பூட்டுங்கள். பாடியின் பக்கப் பலகையில் மாட்டுவதானால் உட்புறம் ஒரு இரும்புப் பட்டை கொடுங்கள். இல்லாவிட்டால் போல்ட் பலகையைத் தின்றுகொண்டு வெளியே வந்துவிடும்.

மூன்றாவது, எடை. தண்ணீர் நிறைந்த 20 லிட்டர் ஜெர்ரி கேன் ஏறத்தாழ 24 கிலோ. டீசல் என்றால் சுமார் 21 கிலோ. இது நிற்கும்போது. குழியில் விழுந்து எழும்போது அதே கேன் பல மடங்காக இழுக்கும். மூன்று மடங்கு என்று வைத்துத் தாங்கி செய்வது என் வழக்கம்.

அந்த எடை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது அதைவிட முக்கியம். 6 டன் எடையுள்ள வண்டியில் 300 கிலோ சாமானை 1 மீட்டர் உயரத்திலிருந்து எடுத்து 2.7 மீட்டரில் வைத்தால், மொத்த வண்டியின் எடைமையம் 8.5 சென்டிமீட்டர் மேலே போகிறது. இவ்வளவுதானா என்று தோன்றும். மலைப்பாதையில் ஒரு பக்கப் பட்டாக்கள் அமுங்கி வண்டி பள்ளத்தாக்குப் பக்கம் சாய்கிறபோது அந்த 8.5 சென்டிமீட்டரின் அர்த்தம் தெரியும்.

பையனின் வண்டியில் என்ன செய்தோம்? சேஸிஸ் வேலையில் தேர்ந்த ஒரு பட்டறையில் விட்டு விரிசலைச் சரிசெய்து, வலுத்தகடு போட்டோம். கேபின் மேல் கூடையைக் கழற்றிவிட்டோம். ஸ்டெப்னியும் தண்ணீரும் கீழே வந்தன. பாடியின் அடியில், சக்கரங்களுக்கு நடுவே இரு பக்கமும் பெட்டிகள். சக்கரம் முழுதாக மேலெழும்பினாலும் இடிக்காத இடம் பார்த்து வைத்தோம். புகைக்குழாய்ப் பக்கம் தண்ணீர். எதிர்ப்பக்கம் டீசல், பேட்டரியிலிருந்தும் தள்ளி. இடமும் வலமும் எடை சமம். மேலே கூடாரத் துணி, கயிறு போன்ற லேசான சாமான் மட்டும். அதற்கான சிறு ரேக் பாடியில் மட்டுமே நிற்கிறது. பின்விளக்கும் நம்பர் பலகையும் மறையவில்லை. மொத்த அகலத்தையும் அளந்து பார்த்தோம். விதிகளில் அதற்கு 2.6 மீட்டர் வரம்பு உண்டு.

சட்டம் பற்றியும் சொல்லவேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் தயாரிப்பாளர் வகுத்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கின்றன. ரேக் மாட்டுமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுவிடுங்கள். ஆசைக்காக ராணுவப் பச்சையை விட்டுவைக்காதீர்கள்; அந்த நிறம் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே உரியது.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் பத்துப் பேர். சரக்கு வண்டியாகப் பதிவான லாரியில் பயணிகளை ஏற்றக்கூடாது. ஏற்றி ஏதாவது நடந்தால் இன்ஷூரன்ஸ் கைகொடுக்காது. இதைச் சொன்னபோது பையனின் முகம் வாடியது. லாரியின் பின்னால் உட்கார்ந்து போவதற்காகவே பலர் பணம் கட்டியிருந்தார்கள். இரண்டு நாள் யோசித்தான். பிறகு இரண்டு பேருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தான். மற்றவர்களுக்கு வாடகை வேன் பிடித்தான். லாரி இப்போது சாமான் மட்டும் சுமக்கிறது. லாபம் குறைந்தது உண்மை. அவனுடைய அம்மா நிம்மதியாகத் தூங்குகிறார். அதற்கு எந்த ரசீதும் கிடையாது.

சக்திமான் தயாரிப்பு 1990களோடு முடிந்தது. பிறகு நம் தொழிற்சாலைக்கு அசோக் லேலண்டின் ஸ்டாலியன் வந்தது. 2021 அக்டோபரில் தொழிற்சாலைகள் நிறுவனங்களாக மாற்றப்பட்டபோது, ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலை எந்த நிறுவனத்தில் சேர்ந்ததோ அதன் தலைமையகம் ஆவடியில்! பிழைப்புக்காக நாம் வடக்கே வந்தோம். கோப்புகள் இப்போது தெற்கே போகின்றன.

பழைய வண்டி வைத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். புது ரேக் மாட்டினால் முதல் 100 கிலோமீட்டரில் நிறுத்தி ஒவ்வொரு நட்டையும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். 500-இல் மறுபடி பாருங்கள். பிறகு ஒவ்வொரு நெடும் பயணத்துக்கும் முன்னால் பாருங்கள். பெயின்ட் கோடாக வெடித்திருந்தாலும், போல்ட்டைச் சுற்றித் துருப்பொடி உதிர்ந்திருந்தாலும் உள்ளே ஏதோ அசைகிறது என்று பொருள். புரியாவிட்டால், காலனியில் ஓய்வு பெற்ற ஃபிட்டர் ஒருவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவரைக் கூப்பிடுங்கள். ஒரு டம்ளர் காபி கொடுத்தால் போதும். மண்ணெண்ணெயும் சாக்குக்கட்டியும் அவரே கொண்டுவருவார்.